செவிச்செல்வரின் ஆம்ப்ளிஃபயர் அருள்வாக்கு

ஊரில் காது இருந்தவர்கள் எல்லாம் அந்த மாடிக்கடைப் படியில்தான் நின்றார்கள். மேலே செவிச்செல்வர் இருந்தார். பட்டம் யாரும் கொடுத்ததில்லை. அவரே அச்சடித்து வாசலில் மாட்டிக்கொண்டது. உங்கள் வீட்டு ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார். கொஞ்ச நேரம் மூச்சை அடக்குவார். பிறகு, "இது ஏங்குது" என்பார். எதற்கு ஏங்குகிறது? அவர் கடையில் விற்கும் ஆம்ப்ளிஃபயருக்குத்தான். வேறு கடைச் சரக்குக்கு ஏங்கிய ஸ்பீக்கர் இன்றுவரை கிடையாது. வக்கீல், பேராசிரியர், பல் டாக்டர் எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். படித்தவர்கள் ஏமாறும்போது வரிசையில் ஒழுங்காக நிற்பார்கள். அது ஒரு வசதி.

என் அக்காள் கணவரும் அந்த வரிசையில் சேர்ந்தார். மாமா நல்ல மனிதர். ஆள் உயரத்துக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியிருந்தார். வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் அவை அருமையாகப் பாடிக்கொண்டிருந்தன. செவிச்செல்வர் நேரில் எழுந்தருளி, கையை வைத்து, இரண்டு குறை கண்டுபிடித்தார். ஆம்ப்ளிஃபயரில் உயிர் இல்லையாம். அறையும் போதாதாம். தம்முடைய ஆம்ப்ளிஃபயரின் நாதம் முழுசாக விரிய நீளமான அறை வேண்டுமாம்.

வீட்டில் நீளமான அறை ஒன்றுதான். அது அக்காவின் கண் பரிசோதனை அறை. ஒரு கோடியில் நாற்காலி, மறு கோடியில் எழுத்துப் பலகை. அந்த அறை போனால் அவள் தொழிலும் போய்விடும். மாமாவோ பலகையைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா மட்டும் சிரித்தபடி, "கழட்டிக்கலாங்க. முதல்ல அவரை வரச்சொல்லி ஒரு தடவை கேட்டுப் பாத்துடுவோம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செவிச்செல்வர் தம் ஆம்ப்ளிஃபயரோடும் பக்தகோடிகளோடும் வந்தார். முதலில் மாமாவின் பழையதில் ஒரு வயலின் ஓடியது. பிறகு அவருடையதில் அதே வயலின். கூட்டம் சொக்கிப்போனது. அக்கா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்முடையதற்கு மாறும்போதெல்லாம் மனிதர் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறார். அதே பாட்டைக் கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் எந்தக் காதுக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

அவள் பணிவாக ஒரு விண்ணப்பம் வைத்தாள். இரண்டையும் திரைக்குப் பின்னால் வைத்து, தானே மாற்றி மாற்றி இணைக்கிறாளாம். ஒலி ஒரே அளவில் இருக்குமாம். ஐயா கேட்டுவிட்டு வாக்குச் சொன்னால் போதுமாம். இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஐயா கண்ணை மூடினார்.

"இது முதலாவது" என்றாள் திரைக்குள்ளிருந்து. வயலின் ஓடியது.

"தகரம்" என்றார் செவிச்செல்வர்.

"மாத்திட்டேன். இது ரெண்டாவது."

அவர் முகம் மலர்ந்தது. "இதுதான் நம்மளுது. வில்லுல இருக்கிற ஒவ்வொரு முடியும் தனித்தனியா கேக்குது பாருங்க."

வாசிப்பவர் மூச்சுவிடுவதே தனக்குக் கேட்கிறது என்றார் பல் டாக்டர். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா திரையை விலக்கினாள். இரண்டு முறையும் பாடியது மாமாவின் பழைய ஆம்ப்ளிஃபயர். செவிச்செல்வருடையதை அவள் எப்போதோ கழற்றிவிட்டிருந்தாள். அதன் மின்கம்பி சுருட்டியபடி தரையில் கிடந்தது.

"என்கிட்ட வர்றவங்கள்ல சிலபேர் எந்த லென்ஸ் போட்டாலும் இப்ப நல்லா தெரியுதுன்னுதான் சொல்வாங்க" என்றாள். "அதனால சில நேரம் மாத்தாமலே மாத்திட்டேன்னு சொல்லிப் பாப்பேன். நிஜமா தெரியுதா, சும்மா சொல்றாங்களான்னு புரிஞ்சுடும்."

பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "ஸ்பீக்கருக்கு எவ்வளவு வாட்ஸ் வேணும்னு அது முதுகிலயே எழுதியிருக்குங்க. நம்ம பழையது அதுக்குத் தாராளமா போதும். கையெல்லாம் வெக்க வேணாம், கண்ணாடி போட்டுப் படிச்சாலே போதும்."

மாமா அசட்டுச் சிரிப்போடு பலகையைத் தூசி தட்ட ஆரம்பித்தார். செவிச்செல்வருக்குத் திடீரென்று வேறொரு வீட்டு ஸ்பீக்கர் ஏங்குவது நினைவுக்கு வந்துவிட்டது. தம் ஆம்ப்ளிஃபயரைத் தாமே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். வாசலில் பேராசிரியர் அவரை வழிமறித்தார். "ஐயா, செருகாமலே இவ்வளவு நல்லா கேக்குதே. செருகினா எப்படி இருக்கும்? எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க."

பேராசிரியரே, இரண்டு காதுக்கும் நடுவே உங்களுக்கு ஒன்று இருக்கிறது. முதலில் அதைச் செருகுங்கள்.