பக்கத்து நாற்காலி

"என்னை எங்க வேணா உட்கார வையிம்மா. அந்த மனுஷன் பக்கத்துல மட்டும் வேண்டாம். போன தடவை போன மானமே போதும்."

அழிய இருந்த நாட்டு விதைகளைக் காப்பாற்றிய விதைக்காரம்மா இப்படிச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்ததும், நாற்காலி இருக்கை வரைபடத்தில் அவர் பெயரை அழித்தாள். நாற்காலி என்பது அலுவலகத்தில் அவளுக்கு விழுந்த பெயர். சமூக மாற்றத்துக்கு உழைத்த தலைவர்களையும் இளம் ஆய்வாளர்களையும் பல நாடுகளிலிருந்து ஒரே கூரையின் கீழ் சேர்க்கும் மாநாட்டில், யார் எங்கே உட்காருவது என்பது அவள் பொறுப்பு.

மூச்சு விடுவதற்குள் ஆற்றுக்காரர் அழைத்தார். செத்துப்போன நதியொன்றை ஓட வைத்த மனிதர்.

"ஒரு உதவிம்மா. அந்த அம்மா பக்கத்துல என்னைப் போட்டுடாதீங்க. இந்த வயசுல என்னால தாங்க முடியாது."

அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம் இருந்தது. கொட்டும் மழை, ஒரே குடை, அதற்கடியில் அந்த இருவரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். கல்லூரி நாளில் பத்திரிகையிலிருந்து வெட்டியது. மனிதர்கள் இப்படி இருக்க முடியுமென்றால் அந்தக் குடைக்குப் பக்கத்திலாவது நிற்க வேண்டும் என்று, கிடைத்த வங்கி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தாள். அம்மா இன்றுவரை அந்தக் குடையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் குடையா கிழிந்துவிட்டது?

காரணம் கேட்கவும் வழியில்லை. 'யாருடைய காயத்தையும் கிளறாதே' என்பது அந்த அலுவலகத்தின் முதல் பாடம். மாநாட்டுக்கு முந்தின நாள், விதைக்காரம்மாவுக்குத் துணையாக வந்த மருமகள் காரை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்தாள்.

"அத்தை சொன்னதைக் கேட்டு பயந்துட்டீங்களா? அது என்னன்னா..."

"வேண்டாங்க," என்றாள் நாற்காலி, பயிற்சியில் கற்ற மெல்லிய குரலில். "நீங்க எதையும் விளக்கணும்னு அவசியமே இல்ல."

மருமகள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

முதலில் விடுதியில் இருவருக்கும் தனித்தனி மாடி கொடுத்தாள். மாடி வேறானாலும் லிஃப்ட் ஒன்றுதானே? மறுநாள் காலை அதன் கதவு திறந்தபோது உள்ளே இருவரும் நின்றார்கள். ஆற்றுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தார். விதைக்காரம்மா சால்வையால் வாயைப் பொத்தியிருந்தார். இருவர் தோள்களும் குலுங்கிக்கொண்டிருந்தன.

'ஐயோ, எவ்வளவு ஆத்திரம்!' நாற்காலி பாய்ந்து அம்மாளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"நான் கீழ போகணும்மா."

"படியில போகலாம்மா. உடம்புக்கு நல்லது."

பிறகு உணவுக் கூடத்தின் நடுவே தடுப்புத் தட்டி வைத்தாள். அதுதான் வினையாயிற்று. தட்டி எதற்கு என்று இளம் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். ஆராய்வதுதானே அவர்கள் வேலை! மதியத்துக்குள் ஆற்றுக் கட்சி தட்டிக்கு அந்தப் பக்கமும் விதைக் கட்சி இந்தப் பக்கமும் சாப்பிட்டன. சமரசத்தைப் பற்றி ஆய்வு செய்யும் இருவர், பெரியவர்களை யார் சமரசம் செய்வது என்று சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

இயக்குநர் ஓடி வந்தார். "என்னம்மா இது? உலகத்தை ஒண்ணு சேர்க்கிறோம்னு வாசல்ல எழுதிட்டு, சாப்பாட்டுக்கே ரெண்டு நாடு ஆக்கிட்டியே!"

"தொடக்க விழாவுக்குள்ள சரி பண்ணிடறேன் சார்."

தட்டி போயிற்று. அரங்கில் குதிரை லாட வடிவில் பெரிய மேசை போட்டு, ஒரு முனையில் ஆற்றுக்காரரையும் மறு முனையில் அம்மாளையும் உட்கார வைத்தாள். இதைவிடத் தள்ளி வைக்க அரங்கில் இடமில்லை. அப்பாடா என்றிருந்தது.

விளக்குகள் மங்கின. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"மறைந்த தோழர்களுக்காக மௌனம் காப்போம்."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஊசி விழுந்தால் கேட்கும். அப்போதுதான் நாற்காலி கவனித்தாள்: லாடத்தின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆற்றுக்காரர் நிமிர்ந்தார். விதைக்காரம்மாவும் நிமிர்ந்தார். ஆற்றுக்காரர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அம்மாள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தார். தோள்கள் மறுபடியும் குலுங்கின. ஆற்றுக்காரர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. இயக்குநர் ஒற்றைக் கண்ணைத் திறந்து நாற்காலியை முறைத்தார்.

மழையும் குடையும் அவள் கண்முன் கரைந்தன. காயமாவது பாடமாவது! குனிந்தபடியே ஓடி, அம்மாளுக்குப் பின்னால் நின்ற மருமகளின் காதில் கிசுகிசுத்தாள்.

"மன்னிச்சிடுங்க, கேட்கக் கூடாதுதான். அப்படி என்னதான் பண்ணிட்டாரு அவரு? இத்தனை வருஷ சிநேகிதம் இப்படியா பகையாகணும்?"

மருமகளும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"பகையா? போன மாநாட்டுல இதே மௌனத்துலதாங்க, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்து ரெண்டும் சிரிச்சு மாட்டிக்கிச்சு. பக்கத்துல நின்னாலாவது தரையைப் பார்த்து அடக்கியிருப்பாங்க. இப்படி எதிரும் புதிருமா நிறுத்திட்டீங்களே!"