ஏரித் தொகுதிக்குத் தேவைப்பட்ட முயல்குட்டிகள்

மதகைக் கையால் திறக்கும் வழக்கம் ஒழிந்து, எல்லாம் கணினிக் கட்டளையால் நடக்கத் தொடங்கியிருந்த ஒரு காட்டில், செண்பகம் என்ற முயல் ஏரிக்கரைப் பள்ளத்தில் வளை தோண்டித் தன் நான்கு குட்டிகளுடன் வாழ்ந்து வந்தது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. வளையின் வாசலை நீர் தொட்டதும், முயல் மரத்தடிக் கணினிக்கு ஓடி, ‘மதகு-திற’ என்று தட்டியது.

‘அப்படியொரு கட்டளை இல்லை’ என்றது கணினி.

நிரல் எழுதும் தூக்கணாங்குருவி கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது.

“இருக்குக்கா. நான்தான் எழுதினேன். மதகுக் கட்டளைகளைக் கட்டி வெச்ச என்னோட மதகுத் தொகுதி, நரியண்ணனோட ஏரித் தொகுதிக்குள்ள இருக்கு. உள்ள இருக்கிற கட்டளையை அவர் வெளியே விட்டாத்தான் மத்தவங்க கூப்பிட முடியும்.”

முயல் மேட்டுப் பாறைக் குகைக்கு ஓடியது. அங்கே மாசிலாமணி என்ற நரி, தான் வெளியே விட்டிருந்த ஒரே கட்டளையான ‘மீன்-எடு’ கொண்டுவந்த மீனைத் தின்றுகொண்டிருந்தது.

“மதகு-திற நல்லா வேலை செய்யுதேம்மா. காலையிலகூட உள்ளேயிருந்து ஓட்டிப் பார்த்தேன்.”

“அப்போ மதகு திறந்துச்சா?”

“திறந்துச்சு. சோதனை முடிஞ்சதும் மூடிட்டேன்.”

“அண்ணே, குட்டிங்க மூழ்கிடும். அந்தப் பேரை வெளியே விடுங்க.”

“இன்னைக்கு உனக்கு விட்டா, நாளைக்கு ஆமை வந்து நிக்கும். வெளியே தெரியற பேரு கம்மியா இருந்தாத்தான் தொகுதிக்கு மரியாதை.”

முயல் குருவியிடம் திரும்பி வந்தது.

“அவரைக் கேட்காம நீ என்னதான் செய்யலாம்?”

“என் தொகுதிக்கு எதெல்லாம் தேவைன்னு எழுதலாம். அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.”

“தேவையானது இல்லேன்னா?”

“என் தொகுதி கணினியில ஏறாது, ஓடாது. அதை உள்ள வெச்சிருக்கிற அவர் தொகுதியும் ஏறாது.”

“தேவையானது எங்க இருக்கணும்?”

“ஏரித் தொகுதிக்குப் பொறுப்பாளர் நரியண்ணன்தான். அவர் குகையில.”

முயலின் காதுகள் மெல்ல நிமிர்ந்தன. “அப்படின்னா எழுது தம்பி. முயல்குட்டி, நாலு.”

சற்று நேரத்தில் நரி மறுபடி ‘மீன்-எடு’ என்று தட்டியது. மீன் வரவில்லை. ‘ஏரித் தொகுதியை ஏற்ற இயலவில்லை. உள்ளிருக்கும் மதகுத் தொகுதிக்குத் தேவையான நான்கு முயல்குட்டிகள் பொறுப்பாளரின் குகையில் இல்லை’ என்ற செய்தியே வந்தது.

ஏன் தேவை என்று நரி கேட்கவில்லை. கணினி எதைக் கேட்டாலும் காரணம் ஆராயாமல் கொண்டுவந்து வைப்பதே அக்காட்டின் வழக்கம். நரி தானே பள்ளத்துக்கு ஓடி, நீரில் தத்தளித்த குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விவந்து குகையில் சேர்த்தது. உடனே மீன் வந்தது.

குட்டிகளோ நரியின் வாலைக் கடித்தன; படுக்கையை நனைத்தன. அவற்றைத் தின்னவும் வழியில்லை. தின்றால் தொகுதி ஏறாது. மாலைக்குள் நரி பொறுமையிழந்து ‘மதகு-திற’ கட்டளையை வெளியே விட்டது. முயல் தட்டியது, மதகு திறந்தது, பள்ளத்தில் நீர் வடிந்தது.

“அதான் திறந்தாச்சே. கூட்டிட்டுப் போம்மா!” என்றது நரி.

முயல் ஈரமில்லாத அந்தக் குகையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தது. “இப்பவே போயிடறோம் அண்ணே. ஆனா உங்க மீனு?”

நரி குருவியை அழைத்து அதட்டியது. “டேய், அந்த வரியை எடுத்துடு.”

“எடுத்துடலாம்ணே. எடுத்தா வேற எது எது நின்னுபோகும்னு எனக்குத் தெரியாது. உங்க பொறுப்புன்னு சொல்லுங்க, எடுக்கறேன்.”

நரி தன் படுக்கையைக் குகை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டது.

“கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்கண்ணே,” என்றது முயல். “குட்டிங்களுக்குக் காத்து வரல.”

நீதி: பிறருக்குப் பயன்பட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை, உன்னை நீக்கினால் எது நின்றுபோகுமோ என்று அவர்கள் அஞ்சும்படி உள்ளே அமர்ந்துவிட்டால் போதும்.