மாவுக்கட்டுக்குள் மாமனார்

"பேசாதீங்க சார். உதடு அசைஞ்சா அச்சு போச்சு."

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் மறுபடியும் வாயைத் திறக்கப் பார்த்தார். பொம்மை ஒரு கை நிறைய இளஞ்சிவப்புக் குழைவை அள்ளி அந்த வாயின் மேலேயே அப்பினான். பிரச்சினை தீர்ந்தது.

வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் வேறு. சண்டைப் படங்களில் வில்லன் மலையிலிருந்து உருள வேண்டும், காரோடு சேர்ந்து வெடிக்க வேண்டும் என்றால், அவருக்குப் பதிலாக உருளவும் வெடிக்கவும் அச்சு அசலாக ஒரு ஆளைச் செய்து கொடுப்பது அவன் வேலை. அதனால் படக்கூட்டம் முழுக்க அவனைப் பொம்மை என்றே கூப்பிட்டது. அவனும் திரும்பிப் பார்த்தான்.

"புது வில்லன் காலையில வருவார். முகத்தை அச்செடுத்துடு. வாய் ஓயாத மனுஷன், பேச விட்டா சாயங்காலம் ஆயிடும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டு, போனில் ஒரு படமும் அனுப்பியிருந்தார். அடர்ந்த மீசை, அகலமான தாடை. காலையில் பட்டறை வாசலில் அதே மீசை, அதே தாடையோடு ஒருவர் வந்து நின்று, "தம்பி, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சார், உங்களுக்காகத்தான் காத்திட்டிருக்கேன்" என்று பொம்மை அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான்.

இப்போது அவர் முகத்தில் வெளியே தெரிந்தவை இரண்டு மூக்குத் துவாரங்கள் மட்டும். பல் டாக்டர்கள் அச்செடுக்கும் பொடியைக் குழைத்துப் பூசியிருந்தான். அது ரப்பர் மாதிரி இறுகியதும், அதன் மேல் கால் ஒடிந்தவர்களுக்குப் போடுகிற மாவுக்கட்டை ஈரத் துணிப்பட்டைகளாகச் சுற்ற ஆரம்பித்தான். அது காய்ந்து கல்லானதும் மொத்தமாகக் கழற்றினால் உள்ளே முகம் குழியாகப் பதிந்திருக்கும். அதில் சிலிக்கானை ஊற்றி எடுத்தால் இன்னொரு வில்லன் தயார். மூலையில் உட்கார்ந்து ஒரு தலையில் ஊசியால் ஒவ்வொரு முடியாகக் குத்திக்கொண்டிருந்த முடியக்கா, அந்தச் சிலிக்கான் வில்லனுக்குத் தலைமுடி நடுவாள்.

பதில் பேச முடியாதவர்களிடம் பேசுவது பொம்மைக்கு ரொம்பப் பிடிக்கும். பட்டறையில் அவனைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலானோர் அப்படிப்பட்டவர்கள்தான்.

"இந்தப் பொடியாலதான் சார் எனக்குக் காதலே வந்தது. கடையில தீர்ந்துபோச்சுன்னு ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போய், பத்து கிலோ வேணும்னேன். அந்தப் பல் டாக்டர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, 'உங்களுக்கு மொத்தம் எத்தனை பல்லு?'ன்னு கேட்டா. அன்னிக்கு விழுந்தவன்தான்."

மூக்குத் துவாரங்கள் வேகமாக மூச்சு விட்டன. கை எதையோ சொல்ல முயன்றது.

"ஆமா சார், நல்ல பொண்ணு. ஆனா அவ அப்பா இருக்காரே..." பொம்மை இன்னொரு பட்டையை நனைத்தான். "இன்சூரன்ஸ் கம்பெனியில விபத்துப் பிரிவு. வாழ்க்கையில மனுஷன் கை ஒடிஞ்சது, கால் ஒடிஞ்சது தவிர வேற எதையும் பார்த்ததில்லை. படி இறங்கும்போது ரெண்டு கையாலயும் கைப்பிடியைக் கட்டிக்குவாராம். வெந்நீர் குடிக்கக் கையுறை போடாததுதான் பாக்கி. 'வெடி வைக்கறவனுக்குப் பொண்ணைக் கொடுத்துட்டு, நாளைக்கு அவளுக்கு நானே க்ளைம் எழுதணுமா?'ன்னு கேட்டாராம். அவ என்னடான்னா, அப்பா சரின்னாதான் கல்யாணம், இல்லைன்னா நீ யாரோ நான் யாரோங்கறா. எனக்கு அவளை விட்டா வேற வாழ்க்கை இல்லை சார். அந்த ஆளுக்கு இது புரியுமா? மனசே மாவுக்கட்டு போட்டுக் கிடக்கு."

தன் உவமை அவனுக்கே பிடித்திருந்தது. மாவுக்கட்டை அழுத்தித் தட்டினான்.

போன் அடித்தது. மேனேஜர்.

"பொம்மை, சாரிப்பா. வில்லன் இன்னும் ஊர்லேர்ந்து கிளம்பவே இல்லை. நாளைக்கு வெச்சுக்கலாம்."

"யார் கிளம்பலை?"

"வில்லன்தான். ஏன்?"

பொம்மை நாற்காலியைப் பார்த்தான். வெள்ளை வெளேரென்ற அந்த உருண்டையும் அவனைப் பார்ப்பதுபோல் இருந்தது. போனை வைத்தான். வைத்த போன் உடனே மறுபடியும் அடித்தது. பல் டாக்டர்.

"கேளு, பதறாதே. அப்பா உன் பட்டறைக்கு வந்திருக்கார். நேர்ல பார்த்துட்டு முடிவு சொல்றேன்னு என்கிட்டகூடச் சொல்லாம கிளம்பியிருக்கார். வந்து சேர்ந்தேன்னு மட்டும் மெசேஜ். அதுக்கப்புறம் போன் எடுக்கலை. அங்கேதானே இருக்கார்?"

அவளுடைய அப்பாவை அவன் நேரில் பார்த்ததே இல்லை. "இ... இருக்கார். உட்கார்ந்திருக்கார்."

"நல்லபடியா பேசினாரா?"

"பேச விடலை."

"என்னது?"

"இல்ல, நான்தான் பேசிட்டிருந்தேன்."

"அய்யோ, எதையாவது உளறிடாதே. அப்பா ஒரு வார்த்தையையும் மறக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த நோயாளியைக் கவனிக்கப் போய்விட்டாள்.

பொம்மை மெல்ல நாற்காலியின் முன்னால் போய் நின்றான். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டான். பார்க்க முடியாதவர் முன்னால் தலையையும் வாரிக்கொண்டான்.

"சார்... அங்கிள்... மாமா. சின்னத் தப்பு நடந்துபோச்சு. உங்களை வில்லன்னு நினைச்சுட்டேன்."

கைகள் இரண்டும் மேலே எழுந்து படபடத்தன.

"கோபப்படாதீங்க மாமா. இவ்வளவு நேரம் நான் சொன்னது உங்களைப் பத்தியே இல்லை. அது வேற ஒரு பொண்ணோட அப்பா."

மூலையில் முடியக்காவின் ஊசி நின்றது. "அட பாவி" என்றாள் மெதுவாக.

தான் சொன்னது என்ன என்று பொம்மைக்கு அப்போதுதான் உறைத்தது. "வேற பொண்ணுன்னா, எனக்கு இல்லை மாமா. என் ஃப்ரெண்டுக்கு. அவனுக்கும் ஒரு பல் டாக்டர். அவ அப்பாவும் இன்சூரன்ஸ்."

"தம்பி" என்றாள் முடியக்கா, "நீ வாயை மூடிட்டு முதல்ல அவர் வாயைத் திற."

பொம்மை கட்டின் ஓரத்தில் விரலை விட்டு நெம்பினான். நெற்றி அசைந்தது. கன்னம் அசைந்தது. மூக்குக்குக் கீழே மட்டும் அசைய மறுத்தது. உள்ளிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு முனகல் கேட்டது.

"புருவத்துக்கு வாஸ்லின் தடவினியா?" என்று கேட்டாள் முடியக்கா.

"தடவினேன்."

"மீசைக்கு?"

பொம்மை வாஸ்லின் டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"மீசைக்குத் தடவினியான்னு கேட்டேன்."

"அவர் பேசிட்டே இருந்தார்க்கா. அவசரத்துல வாயை அடைச்சுட்டேன்."

முடியக்கா எழுந்து வந்து, துணி கிழிக்கும் கத்தரிக்கோலை அவன் கையில் வைத்தாள். நாற்காலியில் இருந்தவர் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். என்ன கருவி என்று புரிந்ததும் நாற்காலியோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தார்.

"பயப்படாதீங்க மாமா. இங்க ஆபத்தே கிடையாது" என்றான் பொம்மை. சொன்னதும் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் வந்ததே இந்தத் தொழில் எவ்வளவு ஆபத்தானது என்று பார்க்கத்தானே. மீசை போனால் போகட்டும், கல்யாணத்தையாவது காப்பாற்றலாம். பக்கத்தில் தொங்கிய ஒரு சட்டையை இழுத்து அவர் மடியில் வைத்தான்.

"சினிமாவுல குண்டு பாயுதே, அதுக்கு வெடிதான் வைக்கறோம்னு எல்லாரும் நினைக்கறாங்க. நான் வெறும் காத்துலயே செய்யறேன் மாமா. சட்டைக்குள்ள சின்னப் பை. பையில சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும். இந்தப் பம்ப்பை அமுக்கினா பை கிழிஞ்சு ரத்தம் தெறிக்கும். குழந்தைகூட அமுக்கலாம். நீங்களே அமுக்கிப் பாருங்க."

அவர் விரல்களை எடுத்துப் பம்ப்பின் மேல் வைத்து, தானே அவற்றை அழுத்தினான்.

சட்டையின் முன்பக்கம் அவரைப் பார்த்து இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

'டப்' என்று ஒரு சத்தம். விளக்குக்கு அடியில் இதமாகச் சூடேறியிருந்த பாகு அவர் நெஞ்சில் பரவி வயிற்றுக்கு வழிந்தது. அவர் நெஞ்சைத் தடவினார். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். வெதுவெதுப்பு, பிசுபிசுப்பு. கண் தெரியாத ஒரு மனிதன் என்ன முடிவுக்கு வருவானோ அந்த முடிவுக்கு வந்து, நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓட ஆரம்பித்தார்.

"மாமா, சுவர். மாமா, இடது பக்கம்."

மாமா வலது பக்கம் போனார். அங்கே கொக்கிகளில் ஆளுயரப் பொம்மைகள் வரிசையாகத் தொங்கின. உதவிக்கு யாரோ நிற்பதாக நினைத்து முதல் ஆளைக் கட்டிப்பிடித்தார். அவனுடைய கை தோளோடு கழன்று இவர் கையில் வந்தது. உள்ளே இருந்து வந்த அலறல் மாவுக்கட்டில் ஒரு விரிசலை உண்டாக்கியது.

"இதுதான் சமயம், பிடிச்சு இழு" என்றாள் முடியக்கா.

அவள் அவரைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொள்ள, பொம்மை முன்னாலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். பழைய துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அச்சு அவன் கையோடு வந்துவிட்டது. மிக அழகான அச்சு. நெற்றிச் சுருக்கம்கூடத் துல்லியமாகப் பதிந்திருந்தது. மீசையில் சரிபாதியும் அதிலேயே இருந்தது.

மீதிப் பாதி முகத்தில் இருந்தது. அந்த முகம் வாயைத் திறந்து, நிறைய காற்றை உள்ளே இழுத்தது.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க" என்றான் பொம்மை. "என்ன வேணா சொல்லுங்க, அடிங்க, போலீஸைக் கூப்பிடுங்க. உங்க பொண்ணை மட்டும் மறக்கச் சொல்லாதீங்க. இந்த வேலையையே இன்னியோட விட்டுடறேன். வேணும்னா உங்க கம்பெனியிலயே சேர்ந்து ஃபாரம் எழுதறேன்."

"யாருக்கு யாருடா மாமா?" என்றார் அவர். "எனக்குக் கல்யாணமே ஆகலை."

சட்டையிலிருந்து பாகு சொட்டியது.

"நான் ஸ்டண்ட் ஆளுப்பா. அந்தப் புது வில்லனுக்கு டூப். இன்னிக்கு மாடி ஜன்னல் கண்ணாடியை உடைச்சிட்டுக் குதிக்கணும். உன் பட்டறையிலேர்ந்து நீ செஞ்ச பொய்க் கண்ணாடியை ஏத்திட்டு வேன் கிளம்பும், அதுல ஏறிக்கோன்னாங்க. வேன் எங்கன்னு கேட்கத்தான் வந்தேன். வாயில களிமண்ணை அடைச்சா எப்படிக் கேட்கறது?"

"அப்போ ஏன் சார் பேசாம உட்கார்ந்தீங்க?"

"டூப்புன்னா முகத்துல எதையாவது ஒட்டத்தான் செய்வாங்க. அந்த வேலைதான் நடக்குதுன்னு நினைச்சேன். நீ காதல் கதை சொல்ல ஆரம்பிச்சப்போதான் சந்தேகம் வந்தது."

பொம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவரை அப்படியே பாகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். "நீங்க மாமா இல்லை. நீங்க மாமாவே இல்லை சார். மீசைக்கு நான் பொறுப்பு. அக்கா ஒரு மணி நேரத்துல நட்டுடுவாங்க. அசலைவிட நல்லா இருக்கும்."

முடியக்கா சிரிக்கவில்லை. "தம்பி, வேன் அப்பவே போயிடுச்சே" என்றாள். "நீ உள்ளே பொடி குழைச்சிட்டிருந்தே. வாசல்ல ஒருத்தர் நின்னார். நல்ல மீசை. இஸ்திரி போட்ட சட்டை. 'இங்க வேலை எப்படி நடக்குதுன்னு பார்க்கணும்'னார். டிரைவரும், 'உங்களைத்தான் தேடறேன், ஏறுங்க'ன்னு முன்சீட்டுல உட்கார வெச்சான். அவர் மறக்காம பெல்ட்டை மாட்டி, ரெண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கிட்டார். நான் டூப்புன்னு நினைச்சேன்."

பொம்மையின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்து கல்லானது. பாதி மீசைக்காரரைப் பார்த்தான். அவர் கைக்கடிகாரத்தைத் துடைத்து மணி பார்த்தார்.

"இந்நேரம் ஷாட் முடிஞ்சிருக்கும்" என்றார்.

மாடி ஜன்னல். படி இறங்கக் கைப்பிடியைக் கட்டிக்கொள்கிற மனிதர். அவள் முகத்தில் இனி எந்தக் காலத்திலும் எப்படி விழிப்பது என்று பொம்மைக்குத் தெரியவில்லை. படப்பிடிப்புக்குப் போன் போட எடுத்தான். விரல் ஒட்டிக்கொண்டு எண் விழவில்லை. அதற்குள் அதுவே அடித்தது. சண்டைப் பயிற்சியாளர்.

"மாஸ்டர்" என்றான். "இன்னிக்கு வேன்ல ஒரு பெரியவர்..."

"அவரைப் பத்திதான் பேசணும்னு கூப்பிட்டேன்."

"உயிரோட இருக்காரா மாஸ்டர்?"

"ஒரு தரம் குதிச்சு மெத்தையில விழுந்தாச்சு, போதும்னு சொன்னா கேட்காம மறுபடி மாடி ஏறி நிக்கறார்ப்பா, 'எங்க மாப்பிள்ளை செஞ்ச கண்ணாடி, ஒரு கீறல்கூட விழலை'ன்னு யூனிட்ல ஒருத்தர் விடாம கையைத் திருப்பித் திருப்பிக் காட்டறார், இன்னொரு ஜன்னல் இருந்தா சீக்கிரம் அனுப்பு."