ஈரத் தலையோடு ஓர் இறுதி ஆட்டம்

எங்கள் தாமான் குடியிருப்பில் நடந்த விளையாட்டு விழாவில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான பூப்பந்து ஒற்றையர் கோப்பையை வென்றவன் நான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் மணிக்கணக்காகப் பேசுவார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், கோப்பையை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். (மொத்தம் நான்கு பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள் என்பதை இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை.)

ஜொகூர் மாநிலத்தில் பண்டார் தெங்காரா என்ற ஊரில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. ஐம்பது வயதாவதற்குள் தலை முழுக்க வெளுத்துவிட்டது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

கெடுத்தது என் மகள் கவிதாவின் கைப்பேசி. சிங்கப்பூரில் வேலை செய்யும் அவள் வார இறுதிகளில் வீட்டுக்கு வருவாள். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை, தான் விரும்பும் பையன் ஹரியைப் பற்றி எங்களிடம் சொன்னாள். பொந்தியான் பையன், நல்ல வேலை, நல்ல குடும்பம். எனக்கும் என் மனைவி சாந்திக்கும் மறுப்பு ஒன்றுமில்லை.

"அப்பா, ஹரியோட அப்பாவும் பூப்பந்து ஆடுவாரு. நம்ம தாமான் போட்டிக்கு அவரும் பேர் குடுத்திருக்காரு, வெளியூர்க்காரங்களும் ஆடலாமாம். அடுத்த வாரம் குடும்பத்தோட வர்றாங்க. ஆட்டம் முடிஞ்சதும் நம்ம வீட்டுலயே சாப்பிட்டுப் பேசிக்கலாம். ஓகேதானே?"

"ஓகே லா. படம் இருந்தா காட்டு" என்றேன்.

காட்டினாள். ராஜேந்திரன். பொந்தியானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். என்னைவிட இரண்டு வயது பெரியவராம். என் கண் நேராக அந்தத் தலைக்குப் போனது. அடர்த்தியான, படியாத, கறுகறுவென்ற முடி. படத்தைப் பெரிதாக்கித் தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு வெள்ளை முடிகூட இல்லை.

"நல்ல மனுஷனாத் தெரியுறாரு" என்றேன் மகளிடம். கல்யாணப் படத்தில் இந்த மனிதர் பக்கத்தில் நின்றால், பார்க்கிறவர்கள் என்னை அவருடைய அப்பா என்று நினைப்பார்களே என்றுதான் உள்ளுக்குள் ஓடியது.

அந்த வாரமே கடைத்தெருவில் ஒரு சாயப் பெட்டி வாங்கினேன். உள்ளே இரண்டு பொட்டலங்கள். முதல் நாளே போட்டிருக்கலாம். ஆனால் வாங்கிய பொருளைச் சாந்தியிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சத்திலேயே வாரம் ஓடிவிட்டது. கடைசியில், போட்டியன்று காலை ஏழரை மணிக்கு, குளித்து முடித்துத் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கும்போதுதான் துணிச்சல் வந்தது. ஒன்பது மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும்.

சாயத்தைக் கலக்கிக்கொண்டிருந்தபோது சாந்தி எட்டிப் பார்த்தாள். பெட்டியை எடுத்துப் படித்தாள்.

"என்னங்க, காஞ்ச முடியிலதான் போடணும்னு போட்டிருக்கு. தலையை நல்லாத் துவட்டுங்க. இல்லாட்டி இன்னிக்கு விட்டுடுங்களேன்."

"துணிக்குச் சாயம் போடுறவங்க நனைச்சுட்டுத்தானே போடுறாங்க? ஈரத்துலதான் நல்லாப் பிடிக்கும். இருபத்தெட்டு வருஷமா மெஷின் பாக்குறவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

(துணிச் சாயத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. வாழ்நாளில் ஒரு கைக்குட்டைக்குக்கூட நான் சாயம் போட்டதில்லை.)

அவள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டாள். விருந்தாளிகளுக்குக் கோழிக்கறி அடுப்பில் இருந்தது. என்னோடு வாதாடுவதைவிட அது முக்கியம்.

சாயம் என் தலையில் நிற்கவே மறுத்தது. பூசிய இடத்திலிருந்து வழுக்கி நெற்றிக்கு வந்தது, காதுக்குள் போனது, கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் தலை சாம்பல் பூசிய பாத்திரம் போல இருந்தது. ஈரம் போதவில்லை என்று முடிவு செய்தேன். (ஆமாம், அப்படித்தான் முடிவு செய்தேன்.) மறுபடி தலையை நனைத்து, இரண்டாவது பொட்டலத்தையும் கலக்கி அப்பினேன். அதற்குள் எட்டரை ஆகிவிட்டது. அலச நேரமில்லை. பெயருக்கு இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றிச் சீப்பால் வாரினேன்.

கண்ணாடியில் பார்த்தேன். ஆகா! மினுமினுவென்று கறுப்பு. பத்து வயது குறைந்திருந்தது. முடி ஈரமாக இருப்பதால் அப்படித் தெரிகிறது என்பதோ, பாதிச் சாயம் முடியில் பிடிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பதோ எனக்கு உறைக்கவில்லை.

மண்டபத்தில் பெயர் பதிகிற மேசையில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கிள், இது ஐம்பதுக்கு மேல உள்ளவங்களுக்கு. ஐசி காட்டுங்க."

அந்தக் கணத்தின் பெருமையை என்னவென்று சொல்வேன்! அடையாள அட்டையை எடுத்து நீட்டியபடி சாந்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

"எல்லார்கிட்டயும்தான் கேக்குறாங்க" என்றாள் அவள்.

ராஜேந்திரன் குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அவர், அவர் மனைவி, ஹரி. கைகுலுக்கினோம். மிகவும் மரியாதையான மனிதர். "உங்க ஸ்மேஷ் பத்தி கவிதா நிறையச் சொன்னுச்சு சார்" என்றார். அவருடைய முடி நேரில் இன்னும் கறுப்பாக இருந்தது.

அரையிறுதியில் என்னோடு ஆட வேண்டியவர் முட்டிவலி என்று வரவே இல்லை. அதனால் ஒரு சொட்டு வியர்வை சிந்தாமல் நேராக இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டேன். எதிரில் ராஜேந்திரன். நாங்கள் இருவரும் வெள்ளைச் சட்டை.

பந்து காற்றில் அலையக்கூடாது என்பதற்காக ஆட்டத்தின்போது மண்டபத்து விசிறிகளை நிறுத்திவிடுவார்கள். பதினோரு மணி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நின்றால் எப்படி இருக்கும் என்று ஜொகூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் முதல் செட்டை 21-17 என்று எடுத்துவிட்டேன். கவிதா கைதட்டினாள். நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

கைதட்டல் பாதியில் நின்றது. அவள் முகம் மாறியது. குனிந்து என் கையைப் பார்த்தேன். கரி அள்ளியவன் கை போல இருந்தது.

இரண்டாவது செட்டில் சாயம் கண்ணுக்குள் இறங்கியது. எரிச்சல் தாங்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன். பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்றே தெரியவில்லை, வெறும் காற்றை அடித்தேன். துடைக்கத் துடைக்க முகம் முழுக்கப் பரவியது. சட்டையின் கழுத்தில் தொடங்கிய கறை மெல்ல நெஞ்சுக்கு வந்தது. ஒன்பதே புள்ளியில் அந்தச் செட் போனது. பார்வையாளர்கள் கிசுகிசுத்தார்கள். மூன்றாவது செட் 8-8 என்று இருந்தபோது நடுவர் விசில் ஊதினார். அஸ்மான் என்ற மலாய்க்காரர், கண்டிப்பானவர். தரையில் என் காலடியில் கிடந்த கருஞ்சொட்டுகளைக் காட்டினார்.

"டாரா கா?" ரத்தமா என்று கேட்டார்.

அவரே ஒரு வழியையும் சொன்னார். காயம் என்றால் ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாம், இரண்டாம் பரிசு உண்டு, யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

அதைவிட வசதியான பொய் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. தலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி தள்ளாடியிருந்தால் போதும், மானம் தப்பியிருக்கும். முன்வரிசையைப் பார்த்தேன். ஹரியின் அம்மா பதறி எழுந்து நின்றிருந்தார். "ஐயோ, அடிபட்டுடுச்சா அவருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கவிதா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்லப்போகும் முதல் விஷயம் பொய்யாக இருக்க வேண்டுமா என்று தோன்றியது. வீரம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கண் எரிச்சலில் நடிக்கவும் தெம்பில்லை.

"புக்கான் டாரா. சாட் ரம்புட்" என்றேன். ரத்தமில்லை, தலைச்சாயம். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னேன்: "காலையில ஈரத்தலையில சாயம் போட்டுட்டேன்!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. "அலமாக்!" என்று யாரோ மலாயில் வியந்து கத்தினார்கள். நடுவர் அஸ்மான் அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சாந்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கவிதா எழுந்து நின்றாள். வெட்கப்பட்டு வெளியே போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினாள்:

"பரவால்லப்பா! நீங்க ஆடுங்க!"

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

தரையைத் துடைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் தலையைக் கழுவிவிட்டு வரவேண்டும், இல்லையென்றால் எதிராளி வென்றதாக அறிவிப்பேன் என்றார் நடுவர். நான் கழிவறைக்கு ஓடினேன். குழாய் இடுப்பு உயரத்தில் இருந்தது. கண்ணைத் திறக்கவும் முடியவில்லை. தலையை எப்படி நுழைப்பது என்று தடவிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை என் பிடரியைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் அமுக்கியது.

"கண்ணை மூடிக்குங்க. கழுத்தைக் கொஞ்சம் லெஃப்ட்ல எடுங்க. மெதுவா, மெதுவா. அவசரம் வேணாம்."

கார் கற்றுக்கொடுக்கிறவரின் குரல். ராஜேந்திரன்!

"சார், நீங்க போய் நில்லுங்க. அஞ்சு நிமிஷம் ஆயிட்டா கப்பு உங்களுக்கு" என்றேன் தண்ணீருக்குள்ளிருந்து.

"அப்படி ஒரு கப்பு எனக்கு எதுக்கு? அசையாதீங்க சம்பந்தி" என்றார்.

சம்பந்தி! என் மகளின் கல்யாணப் பேச்சு தாம்பூலத் தட்டுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டியது. கழிவறைக் குழாயடியில், என் தலை அவர் கையில் இருக்கும்போது முடிந்தது. சவர்க்காரம் போட்டு இரண்டு முறை தேய்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, மிகவும் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார்.

"என்னோடதும் சாயம்தான். ஆனா நான் முதல் நாளே போட்டுருவேன். காஞ்ச தலையில."

(இதை எழுதலாமா என்று போன வாரம் அவரிடமே கேட்டேன். "தாராளமா எழுதுங்க. காஞ்ச தலையிலங்கிறத மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.)

நாங்கள் இருவரும் சேர்ந்து மண்டபத்துக்குள் திரும்பியபோது கைதட்டல் எழுந்தது. என் தலையின் கோலத்தைப் பிறகு படத்தில்தான் பார்த்தேன். முன்பக்கம் பழைய வெள்ளை. உச்சியில் திட்டுத்திட்டாகக் கறுப்பு. காதோரம் இரண்டு பக்கமும் பழுத்த செம்பனைக் குலையின் செந்நிறம். ஆலை வாசலில் நின்றிருந்தால் எடைபோட்டு உள்ளே அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் பாருங்கள், மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதும் கை தானாக வேலை செய்தது. இனி நெற்றியைத் துடைக்கவும் வேண்டாம், யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்கவும் வேண்டாம். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் அப்படி ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. ராஜேந்திரனும் விட்டுக்கொடுக்கவில்லை. சம்பந்தி என்று சொன்ன வாயோடு என்னை மூலைக்கு மூலை ஓடவிட்டார். 19-19 வரை போனது. அங்கிருந்து ஒரு ஸ்மேஷ், அடுத்து வலையோரமாக ஒரு சின்னத் தட்டு. பந்து வலையின் மேல் ஒரு கணம் யோசித்துவிட்டு அவர் பக்கம் விழுந்தது. 21-19.

வலையைத் தாண்டி வந்து கட்டிப்பிடித்தார். நானும் கட்டிப்பிடித்தேன். விலகியபோது, மிச்சமிருந்த சாயத்தில் அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் என் பாதி முகம் பதிந்திருந்தது.

மதியம் எங்கள் வீட்டில் கோழிக்கறியோடு எல்லாம் பேசி முடித்தார்கள். சோபாவில் நான் சாயும் இடத்தில் சாந்தி செய்தித்தாளை விரித்துவைத்திருந்தாள். ஹரியின் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் மொட்டையடித்துக்கொண்டேன். முளைத்தது வெள்ளையாகவே முளைத்தது. அதன்பிறகு அதில் நான் கைவைக்கவில்லை.

அடுத்த வருடம் கல்யாணம். மணவறைக்கு முன்னால் சம்பந்திகள் மாலை மாற்றிக்கொள்ள அழைத்தார்கள். ராஜேந்திரன் மாலையோடு வந்தார். போடப் போனவர் நின்றார். ஒரு விரலை நீட்டி என் தலையைத் தொட்டார். அந்த விரலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். காய்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மாலையைப் போட்டுக் கட்டிப்பிடித்தார். நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசிப்பை நிறுத்திவிட்டார். கல்யாண வீடியோவில் அந்த இடத்தை மட்டும் எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

அன்றிலிருந்து எப்போது சந்தித்தாலும் அவர் அதைச் செய்வார். தீபாவளிக்கு வந்தாலும் சரி, துக்க வீட்டில் பார்த்தாலும் சரி. ஹரி கற்றுக்கொண்டான். கவிதாவும் கற்றுக்கொண்டாள். இப்போது என் பேத்திக்கு ஒன்றரை வயது. போன ஞாயிற்றுக்கிழமை அவளைத் தூக்கக் கை நீட்டினேன். உடனே தாவி வரவில்லை. அந்தக் குட்டி விரலால் என் உச்சந்தலையைத் தொட்டாள். விரலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, புருவத்தைச் சுருக்கிப் பார்த்தாள். திருப்தியானதும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு என்மேல் விழுந்தாள்.