மாப்பிள்ளை அரைத்த ஹம்மூஸ்

கீழக்கரை வழக்கப்படி நுஃமான் கல்யாணமான நாள் முதல் மனைவி வீட்டில்தான் இருக்கிறார். இருக்கிறார் என்றால், சும்மா இருக்கிறார். குடித்த தம்ளரைக்கூட அவர் நகர்த்தியதில்லை. மாப்பிள்ளை அடுப்படிக்குள் காலெடுத்து வைத்தால் அந்த வீட்டுக்கே மரியாதைக் குறைவு. இந்த ராஜ வாழ்க்கையைத்தான் அவர் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையில் தொலைத்தார், பாவம்.

துபாய்க் கூட்டாளி வாவு முகம்மது வெள்ளிக்கிழமை விருந்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காக முதல் நாளே மனைவி தஸ்னீம், கொண்டைக்கடலையில் செய்யும் அரபுத் துவையலான ஹம்மூஸை அரைத்து, ருசி பார்க்கச் சொல்லி ஒரு கரண்டி நீட்டினாள். நுஃமான் முகத்தைச் சுளித்தார்.

"என்னடி இது, கடற்கரை மணலாட்டம்? துபாய்ல ஹம்மூஸ்னா வெண்ணெயா வழுக்கும்."

"அங்கன நீங்க டிரைவராத்தானே மச்சான் இருந்தீக?"

"டிரைவருக்கு நாக்கு கிடையாதா?"

"நாக்குக்கு என்ன குறைச்சல்? கைதான் இருக்கான்னு தெரியல."

நுஃமானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கு நானே அரைக்கிறேன். வாவு முன்னால இந்த வீட்டு மானத்தக் காப்பாத்துறேன் பாரு!"

"ஒங்க இஷ்டம்" என்றாள். அவள் ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லையே என்று அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளி காலையில் மிக்ஸி போட்டார். ஹம்மூஸ் வரவில்லை, புகை வந்தது. கிரைண்டரில் கொட்டினார். கடலை கல்லோடு ஒட்டிக்கொண்டு, பெருநாள் ராட்டினத்தில் ஏறிய பிள்ளைகளைப் போல் சுற்றிச் சுற்றி வந்தது, மசியவில்லை. தோல்தான் குற்றவாளி என்று மொபைலில் ஒருவன் சொன்னான். நுஃமானுக்கு மூளை மின்னியது. மீதிக் கடலையைத் தலையணை உறையில் கட்டி வாஷிங் மெஷினுக்குள் போட்டார். ஜும்மா தொழுகைக்கு எடுத்து வைத்த வெள்ளை ஜிப்பா உள்ளே கிடந்ததை அவர் பார்க்கவில்லை.

உறை அவிழ்ந்தது. ஜிப்பா முழுக்கத் தோல். கடலை முழுக்கச் சோப்பு வாசம்.

நுஃமான் அடுப்படித் தரையிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வாவுக்கு வாய் சும்மா இருக்காது. அபுதாபி வரைக்கும் போன் போட்டுச் சிரிப்பான். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"முடிஞ்சுச்சு தஸ்னீம். இனி நான் எந்த மூஞ்சியோட பள்ளிவாசலுக்குப் போவேன்?"

தஸ்னீம் பிரிட்ஜைத் திறந்து, மீன் குழம்புச் சட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தாள். வெள்ளை வெளேரென்று ஹம்மூஸ். நாக்கில் வைத்தார். வழுக்கியது.

"எப்புடிடி?"

"ஆப்பச் சோடா போட்டு வேகவச்சா தோலு தானா மிதக்கும். வடிச்சுட்டு, ஐஸ்கட்டி போட்டு அரைச்சேன்."

"அப்ப நேத்து குடுத்தது?"

"அது வேற, ஒங்களுக்குன்னே அரைச்சது. போங்க, பள்ளியில பாங்கு சொல்லிட்டாக. ஒங்க கூட்டாளி கேட்டா நீங்க அரைச்சதாவே சொல்லிக்கிருங்க."

"நீ மனுஷியே இல்ல, வானத்துலேர்ந்து எறங்குன மலக்கு!" என்று சொல்லிவிட்டு, பழைய சட்டையோடு ஓடினார்.

விருந்தில் வாவு கிண்ணத்தை வழித்து நக்கினார்.

"ஏலே நுஃமான், துபாய்லயே இப்படிச் சாப்பிட்டதில்ல. யாரு அரைச்சது?"

"நான்தான். எல்லாம் கைப்பக்குவம்."

திரைக்குப் பின்னாலிருந்து தஸ்னீமின் சித்தி ஜுனைதா குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளைக்கு இம்புட்டுப் பக்குவமா! அப்ப இனிமே இட்லி மாவையும் அவுகளே அரைக்கட்டும். தஸ்னீமுக்குத் தோள்பட்டை வலி தாங்கல."

நுஃமானுக்குத் தொண்டையில் குப்பூஸ் ரொட்டி அடைத்தது. தெரியாது என்றால் வாவு இருக்கிறார். தெரியும் என்றால் கிரைண்டர் இருக்கிறது. வாவு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்ன சித்தி... அரைச்சாப் போச்சு."

மறுநாள் கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து, மாவு வழியும் கையோடு நுஃமான் கடைசியாக ஒரு முறை முனகிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை அடுப்படிக்குள்ள வாரது நம்ம ஊரு வழக்கமே இல்லியே, தஸ்னீம்..."

"நேத்தே வந்துட்டீகளே மச்சான். மாவ வழிச்சதும் கிரைண்டரக் கழுவி வச்சிருங்க."