பைலேட்டீஸுக்குப் பயந்து காப்புக் கட்டுனவரு

இல்ல மீனம்மா, ஒங்கிட்ட யாரு என்ன சொல்லியிருந்தாலும் சரி. உரக்கடை வெள்ளைச்சாமி பக்தி முத்திப்போயி மாரியம்மனுக்குக் காப்புக் கட்டல. பைலேட்டீஸுக்குப் பயந்துதான் கட்டுனாரு. பொய் சொல்லி எனக்கு என்னாகப் போகுது? ஒக்காரு இங்கிட்டு. மொதல்ல இருந்து சொல்றேன்.

தை மாசம் கடைக்கு லோடு வந்துச்சு. எறக்குற ஆளு, "ஒரு கை புடிங்கண்ணே"ன்னு கேட்டுட்டான். கேட்டது தப்பு. வெள்ளைச்சாமி யாரு? வாலிபத்துல இலுப்பூரு பக்கம் ஒரு மயிலைக் காளையோட திமிலைப் புடிச்சு மூணு துள்ளுக்குத் தொங்குனவரு. அதுக்கு ஒரு சில்வர் அண்டா குடுத்தாக. அந்த அண்டாவுலதான் இன்னமும் அவுக வீட்டுல குடிதண்ணி. யாரு போயித் தண்ணி கேட்டாலும் மொதல்ல காளை வரும், அப்புறம்தான் தண்ணி வரும். நான் அவுக வீட்டுல தண்ணி கேட்டுப் பல வருசமாச்சு.

அம்பத்தாறு வயசுல அந்த மனுசன், "தள்ளுப்பா"ன்னுட்டு யூரியா மூட்டைக்குக் குனிஞ்சாரு. குனிஞ்சதோட சரி. நிமிரல. அப்படியே அரை மணி நேரம் யாவாரம் பாத்தாரு. வந்தவுகள்லாம், "கீழ என்னண்ணே தேடுறீங்க"ன்னு கேட்டாக. "சில்லறை"ன்னாரு. ரெண்டு பேரு கூடக் குனிஞ்சு தேடுனாக.

புதுக்கோட்டை டாக்டரு படம் எடுத்துப் பாத்தாரு. "ஆபரேசன் இப்பத் தேவையில்ல. வயித்துலயும் முதுகுலயும் தசை தளந்து கெடக்கு. வாரம் மூணு நாளு பைலேட்டீஸ் போங்க. விடாமப் போகணும்"னாரு.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா சார்?"ன்னாரு வெள்ளைச்சாமி.

"மாத்திரை இல்லைங்க. எக்சர்சைஸ்."

அவரு சம்சாரம் செங்கமலம் ஒனக்குத் தெரியும்ல, அதிகம் பேசமாட்டா. பேசுற நேரத்துல காரியத்தை முடிச்சுருவா. மறுநாளே ரெண்டு பேரு பேரையும் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா.

"ஏ புள்ள, படுத்துக்கிட்டுக் காலை ஆட்டுறதுக்கு நான் எதுக்கு?"

"முடியலைன்னா விட்ருங்க. நான் மட்டும் போய்க்கிறேன்."

"முடியலைன்னு யாரு சொன்னா? காளை புடிச்ச கை இது."

"கைக்கு ஒண்ணுமில்லைங்க. இடுப்புக்குத்தான்."

வெள்ளைச்சாமிக்கு ரோசம் வந்துருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் டீக்கடையில பத்துப் பேரு இருக்கையில, பால் வாங்க வந்தவளை நிறுத்தி வச்சுச் சொன்னாரு. "இந்தா பாரு, ஒரு நாளாச்சும் கிளாசுக்குப் போகாம நானா நின்னேன்னா, கடைச் சாவியை ஒன் கையில குடுத்துட்டு மாடு மேய்க்கப் போறேன்."

செங்கமலம் பாலை வாங்கிக்கிட்டுப் போயிட்டா.

அந்தக் கிளாசு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு மாடியில நடக்குது. சுத்தி நாலு பக்கமும் கண்ணாடி. எங்கிட்டுத் திரும்புனாலும் வெள்ளைச்சாமி வயிறு. கண்ணாடிக்குள்ள பதினாறு வயிறு எண்ணுனாராம். சொல்லிக்குடுக்குறது தேவிப்ரியான்னு ஒரு புள்ள. நம்ம முருங்கைக்காயி கனம் இருக்கும். வேட்டியோட போனவரை டிராக் பேண்ட் போட வச்சு, அடியில ரப்பர் புள்ளி வச்ச சாக்ஸையும் மாட்டி விட்டுருச்சு. கல்யாணத்துக்கே செருப்புப் போடாதவரு.

கயித்துக் கட்டிலு மாதிரி ஒரு மிஷின். மேல ஒரு பலகை. அடியில ஸ்பிரிங்கு. நாம படுத்துக் காலால ஒதைச்சா பலகை நம்மளையும் தூக்கிக்கிட்டு ஓடும். வெள்ளைச்சாமி ஒரே ஒதையில அந்தக் கடைசிக்குப் போயிட்டாரு. திரும்பி வாரதுக்குத்தான் ஆளு தேவைப்பட்டுச்சு.

"அங்கிள், மூச்சை விடுங்க. தம் கட்டாதீங்க."

"தம்மை விட்டா காளை தப்பிச்சுரும்மா."

"இங்க காளை இல்ல அங்கிள். தொப்புளை முதுகுத்தண்டோட ஒட்டுங்க."

"அது ரெண்டும் பிரிஞ்சு இருவது வருசமாச்சும்மா."

பக்கத்து மிஷின்ல ரஹ்மத் நிஷான்னு ஒரு அம்மா. வயசு அறுவதுக்கு மேல. அது ரெண்டு காலையும் வானத்துக்குத் தூக்கி வச்சுக்கிட்டு, செங்கமலத்துக்கு நோன்புக் கஞ்சிக்குப் பக்குவம் சொல்லிக்கிட்டு இருக்கு. காலு ஆடல. நடுவுல இவரைத் திரும்பிப் பாத்து, "தம்பி, மெதுவா. எனக்கும் மொத மாசம் இப்படித்தான் அழுகையா வந்துச்சு"ன்னுச்சு.

"எனக்கு அழுகை வரலைங்க. வேர்வை"ன்னாரு.

ரெண்டாவது வாரம் ஒரு தந்திரம் பண்ணுனாரு. "எனக்கு ஒரே ஒரு ஸ்பிரிங் போதும்மா"ன்னாரு. கொறைச்சா லேசா இருக்கும்னு நெனப்பு. தேவிப்ரியா கையைத் தட்டுச்சு. "சூப்பர் அங்கிள். ஸ்பிரிங் கொறையக் கொறைய பலகையை அடக்குறது நம்ம வயிறுதான். நீங்க இவ்வளவு சீக்கிரம் கேப்பீங்கன்னு நெனைக்கல." அன்னைக்கு வீட்டுக்கு வந்தவரு தும்மல் வந்தும் தும்மல. தும்முனா வயிறு வலிக்கும்னு மூக்கைப் புடிச்சுக்கிட்டு, தும்மலைத் திருப்பி அனுப்பிச்சுட்டாரு. டீக்கடையில யாரும் சிரிப்புக் கதை சொன்னா எந்திரிச்சுப் போயிருவாரு. ஆளு கம்பீரமாயிட்டாருன்னு ஊரு பேசிக்கிச்சு.

நிக்கணும். ஆனா தானா நிக்கக் கூடாது. நின்னா சாவி போயிரும். இதேதான் அவருக்கு ராப்பகலா யோசனை.

அந்த நேரத்துலதான் மாரியம்மன் கோயில்ல காப்புக் கட்டுன்னு தண்டோரா போட்டாக. நம்ம ஊரு கட்டுப்பாடு ஒனக்குத் தெரியாது, நீ வாக்கப்பட்டு வந்து ஒரு மாசம்தான ஆச்சு. பால்குடம் எடுக்குறேன்னு மஞ்சக்கயித்தைக் கையில கட்டிட்டா, பதினஞ்சு நாளைக்கு ஊரு எல்லைக்கல்லைத் தாண்டப்படாது. வெள்ளைச்சாமியோட சித்தப்பா ஆத்மநாதன் ஒருக்கா தாண்டுனாரு. அன்னவாசல்ல மக வீட்டுல கோழிக்குழம்புன்னு கேள்விப்பட்டு, காப்போட சைக்கிளை எடுத்துட்டாரு. கல்லைத் தாண்டி நாலு மிதி மிதிச்சிருப்பாரு, செயினு அத்துப்போச்சு. சாமி சொல்லுதுன்னு திரும்பியிருக்கணுமா இல்லையா? உருட்டிக்கிட்டே போயிட்டாரு. அங்கிட்டுப் போனா, அறுக்க வச்சிருந்த கோழி ஓடிப்போச்சு. திரும்பி வந்து பாத்தா பல்லுசெட்டைக் காணோம். அந்தச் செட்டு இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல. அதுக்கப்புறம் நம்ம ஊருல ஒருத்தன் தாண்டினதில்ல.

எங்க விட்டேன்? ஆங், தண்டோரா. வெள்ளைச்சாமி மொத ஆளாப் போயிக் கையை நீட்டுனாரு. வீட்டுக்கு வந்து, மஞ்சக்கயித்தைக் காட்டி, மொகத்தை ரொம்ப வருத்தமா வச்சுக்கிட்டாரு.

"செங்கமலம், கிளாசுக்கு வரணும்னுதான் ஆசை. நானா நிக்கல, பாத்துக்க. ஆத்தா நிறுத்திப்புட்டா."

"நல்ல காரியங்க. சாமிக்குச் செய்யிறதை யாரு தடுப்பா"ன்னா செங்கமலம்.

இவ்வளவு லேசா முடிஞ்சதுல அவருக்குச் சந்தோசம் தாங்கல. சந்தோசத்துல கொஞ்சம் கூடுதலாப் பேசிட்டாரு. நேரா டீக்கடைக்குப் போயி, "விரதம் இருக்கையில பூச்சிமருந்தைத் தொட்டா சுத்தமில்ல. பதினஞ்சு நாளைக்குக் கடையை நீயே பாத்துக்க"ன்னு, அதே பத்துப் பேரு முன்னாடி பொண்டாட்டியைக் கூப்பிட்டுச் சாவியைக் குடுத்தாரு. பக்திமான்னு நாலு பேரு கையெடுத்துக் கும்பிட்டாக. ராத்திரி தரையில பாயை விரிச்சுப் படுத்தாரு. மூணு நாளு அப்படி ஒரு தூக்கம்.

நாலாம் நாளு, திங்கக்கெழமை. விடிஞ்சும் விடியாம வாசல்ல ஸ்கூட்டிச் சத்தம். எட்டிப் பாத்தா தேவிப்ரியா. வண்டியில பின்னாடி சுருட்டி வச்ச பாயி ஒரு கட்டு.

"குட்மார்னிங் அங்கிள்"ன்னுச்சு.

வெள்ளைச்சாமி பதிலுக்கு, "எல்லையை..."ன்னாரு.

"எல்லையை நாமதாங்க தாண்டக் கூடாது. அந்தப் புள்ள காப்புக் கட்டல. அது தாண்டி வரலாம்"னா செங்கமலம். அவ கையிலயும் மஞ்சக்கயிறு. அவ பின்னாடி நின்ன எட்டுப் பொம்பளைக கையிலயும் மஞ்சக்கயிறு.

"விரதத்துல போயி இதெல்லாம்... தெய்வகுத்தம் புள்ள."

"பூசாரியைக் கேட்டுட்டேங்க. விரதக்காரவுக தரையில பாய் விரிச்சுத்தான் படுக்கணும், இதுவும் பாய்தானன்னாரு. அவரு சம்சாரமும் வந்திருக்கு பாருங்க."

"மிஷின் இல்லையேம்மா"ன்னு தேவிப்ரியாவைப் பாத்தாரு.

"அது ரொம்ப நல்லது அங்கிள். மிஷின் தாங்குனதையும் இனிமே நீங்களே தாங்கலாம்."

"இத்தனை பேரு படுக்க எடம்?"

"நம்ம குடோன்தாங்க. மூட்டையெல்லாம் நேத்தே ஓரமா அடுக்கியாச்சு."

"குடோன் சாவி?"

"நீங்கதான குடுத்தீங்க"ன்னா. "பத்துப் பேரு முன்னாடி."

அப்புறம் வெள்ளைச்சாமி, "திங்க, புதன், வெள்ளிதான?"ன்னு கேட்டாரு.

"ஆளு கூடிருச்சு. அதனால தெனமும் வரேன்னுருச்சுங்க."

மறுநாளு விடியறதுக்கு மின்னாடியே மனுசன் கெளம்பி எல்லைக்கல்லு வரைக்கும் நடந்து போயிட்டாரு. அந்தப் பக்கம் பஸ்ஸு நிக்குது. அன்னவாசல்ல தங்கச்சி வீடு இருக்கு. ஒரு காலைத் தூக்குனாரு. சித்தப்பா ஞாபகம் வந்துச்சு. நாக்கால பல்லை ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்துக்கிட்டாரு. தூக்குன காலை இந்தப் பக்கமே வச்சுட்டு, திரும்பி வந்து, குடோன்ல யூரியா மூட்டைக்கும் பூசாரி சம்சாரத்துக்கும் நடுவுல படுத்தாரு.

காலைத் தூக்கிக்கிட்டு நூறு எண்ணணும். அறுவதுல அவரு எண்ணுறதை நிறுத்திட்டாரு. எட்டுப் பொம்பளைக சத்தமா எண்ணி முடிச்சுக் குடுத்தாக.

பால்குடத்தன்னைக்கு, தேங்கா ஒடைக்கக் குனிஞ்சவரு தானாவே நிமிந்தாரு. நிமிந்ததை அவரே நம்பல. இன்னொருக்காக் குனிஞ்சு நிமிந்து பாத்தாரு. கேட்டா ஆத்தா அருளுங்குறாரு. செங்கமலம் ஆமாங்குறா. இதுல ஒண்ணு, அவரு காப்புக் கட்டுனதுக்கு மொத நாளே அவ தேவிப்ரியாவுக்குப் போன் போட்டுப் பேசிட்டா. எல்லாருக்கும் மின்னாடி கை நீட்டப்போறாருன்னு அவளுக்குத் தெரியாதா? முப்பது வருசமாக் குடும்பம் நடத்துறா.

காப்பை அவுத்து ரெண்டு மாசமாச்சு. கிளாசை இன்னும் அவுக்கல. சாவியும் திரும்பல. அவரும் கேக்கல. கேட்டா, டீக்கடையில சொன்னதைச் சொல்லி, கிளாசை விட்டு நின்னுக்கிறீங்களான்னு கேப்பா.

இம்புட்டும் எனக்கு எப்படித் தெரியும்னுதான முழிக்கிற? அந்த எட்டுப் பேருல யாரு யாருன்னு நீ கேக்கவே இல்லையே.

ஏ மீனம்மா, தூறல் போடுது பாரு. கொடியில காயிற என் பாயை எடுத்து உள்ள கொண்டாத்தா. அந்தப் புள்ளி வச்ச சாக்ஸையும்.