தாழ்ப்பாள் இல்லாத ஏழாம் எண் குடில்

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் மகத்தானவை இரண்டுதான்: சக்கரம், புள்ளிவிவரம். சக்கரம் மேடு வந்தால் திணறும். புள்ளிவிவரம் மேட்டில்தான் ஓடும். இதை நான் சும்மா சொல்லவில்லை. மலைக்குடில் மேம்பாட்டுத் துறையில் எண்ணிக்கைப் பிரிவுக்கு நான் உதவி இயக்குநர். நடைபயணிகள் ஒண்டுவதற்காகக் கட்டிய எங்கள் ஏழாம் எண் குடில் அடைந்த வளர்ச்சியைக் கண்ணால் கண்டவன்.

அந்தக் குடிலுக்குப் போக எட்டு மணி நேரம் மலை ஏற வேண்டும். எட்டுக் கட்டில், ஒரு விறகடுப்பு, ஒரு காப்பாளர். முன்பெல்லாம் வாரத்துக்கு ஐந்தாறு பேர் வருவார்களாம். தூங்கி எழுந்து, தரையைப் பெருக்கிவிட்டுப் போவார்களாம். என்ன அவலம்! பார்த்தோம். "யாருமே இல்லாத இடம்! அனைவரும் வாரீர்!" என்று துறை சார்பில் விளம்பரம் செய்தோம். அனைவரும் வந்தார்கள்.

எட்டுக் கட்டிலில், கட்டிலுக்கு ஐந்து பேராக, நாற்பது பேர் தூங்கினார்கள். ஒருவர் புரண்டு படுக்க வேண்டுமானால் மற்ற நாலு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாத விறகு நான்கே நாளில் தீர்ந்தது. குடிக்கிற ஊற்றில் காலுறை துவைத்தார்கள். அமைதியை அனுபவிக்க வந்தவர்கள், "கொஞ்சம் சும்மா இருங்கய்யா, அமைதி கேக்கவே மாட்டேங்குது!" என்று ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். அந்த நெரிசலில் கதவுத் தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது.

அதே வாரம்தான் கதவுச் சட்டத்தில் நாங்கள் ஓர் எண்ணும் கருவியைப் பொருத்தினோம். கதவு ஒருமுறை திறந்தால் ஒரு பயணி. கருவி பொய் சொல்லாது. தாழ்ப்பாள் இல்லாத கதவு இரவும் பகலும் காற்றில் படார் படார் என்று அடித்துக்கொண்டது. முதல் மாதமே இரண்டு லட்சம்! செய்தி பரவியதும், 'இரண்டு லட்சம் பேர் போன இடத்துக்கு நாம் போகாமல் இருப்பதா' என்று இன்னும் பலர் கிளம்பினார்கள்.

காப்பாளர் மலை இறங்கி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இயக்குநர் எழுந்து கைகுலுக்கி, பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"சார், ஒரே ஒரு தாழ்ப்பாள் வேணும். ஆணி கூட நானே அடிச்சுக்கறேன்."

"தாழ்ப்பாள் போட்டா கதவு மூடிக்குமேய்யா!"

"அதுக்குத்தான் சார் கேக்கறேன். குளிர் உள்ள வந்து குத்துது. போன வாரம் ஒரு டீச்சரம்மா மழையில நனைஞ்சு வந்தாங்க. விடிய விடிய வெடவெடன்னு நடுங்கி, நாலு பேர் தூக்கிட்டுத்தான் கீழ இறக்கினாங்க. ஒண்டிக்க வந்த இடத்துல உயிர் போனா நல்லாவா இருக்கும்?"

இயக்குநர் கண்கலங்கி என் பக்கம் திரும்பினார். "அந்த நாலு பேரும் கணக்குல வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க சார். உள்ள வரும்போது ஒரு தடவை, தூக்கிட்டுப் போகும்போது ஒரு தடவை."

காப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அந்த ரெண்டு லட்சமும் வெறும் காத்து சார்!"

"காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

"மேற்குலேருந்து."

"குறிச்சுக்கோங்க," என்றார் இயக்குநர் என்னிடம். "மேற்குப் பகுதி மக்களிடையே அமோக வரவேற்பு."

குறித்துக்கொண்டேன். தாழ்ப்பாள் கோரிக்கை, 'வளர்ச்சிக்கு ஊறு விளைவிக்கும்' என்று நிராகரிக்கப்பட்டது. அதற்காக எங்களை ஈரமில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 'இங்கு இயற்கைக் குளிர் கிடைக்கும்' என்று எழுதிய இரும்புப் பலகை ஒன்றைக் கொடுத்தனுப்பினோம். பாவம், அதையும் முதுகில் சுமந்துகொண்டுதான் ஏறினார்.

ஐந்தாம் மாதம், பத்து லட்சமாவது பயணியை வரவேற்கப் பாராட்டுப் பத்திரத்தோடு நானே புறப்பட்டேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மாலையில் குடிலை அடைந்தபோது என் பற்கள் தந்தியடித்தன. உள்ளே முப்பது பேர் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவு படார். கருவியில் ஒன்று கூடியது. உதடு நீலம் பாரித்த நிலையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

காப்பாளர் என்னைப் பார்த்தார். இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கதவைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினார். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடுப்பில் விறகைத் திணித்தார். "பக்கத்துல வாங்க சார். முதல்ல உடம்பைத் தேத்துங்க," என்று தன் கம்பளியை என்மேல் போர்த்தினார்.

முப்பத்தொரு பேரும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினோம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காலையில் கருவியைப் பார்த்தேன். பகீரென்றது. ஓர் இரவுக்கு மூவாயிரம் ஏறுகிற இடத்தில் ஒன்றுகூட ஏறவில்லை!

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கதவைச் சாத்தினேன் சார்."

"மூவாயிரம் பேரை ராத்திரி முழுக்க வெளியில நிக்க வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

அவர் கால்சட்டையைப் பிடித்தபடி நின்றார். நான் அடுப்பருகிலேயே அமர்ந்து, பாராட்டுப் பத்திரத்தைத் திருப்பிப் போட்டு, 'புகலிடம் மறுத்த குற்றத்துக்காக' அவரைப் பணியிலிருந்து நீக்கும் ஆணையை எழுதினேன். ஒரு மனிதனின் பிழைப்பைப் பறிக்கும்போது யாருக்கும் கை நடுங்கும். எனக்கு நடுங்கவே இல்லை. அறை அவ்வளவு கதகதப்பாக இருந்தது.